ஒளி ஒழுங்கு அலுவலகத்தில் ஒரு பிரேக் லைட்

லிஃப்ட் மெக்கானிக்குத் தொழிலில் பயம் கிடையாது. பதினான்காவது மாடிக்கும் பதினைந்தாவது மாடிக்கும் நடுவே நின்றுபோன லிஃப்டின் தலைமேல் ஏறி உட்கார்ந்து, கீழே இருட்டுப் பள்ளம் வாயைப் பிளந்துகொண்டிருக்க, சாவகாசமாக ஸ்பேனரைத் தேடுகிற ஆள் அவர். எல்லாரும் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடலாம். ஆனால் தரைக்கு இறங்கி மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்துவிட்டால் மனிதர் பயந்துபோவார். காரணம், பின்னால் வருகிற வண்டிகள்.

முன்னால் வருவதைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலை இல்லை. அதைக் கண்ணால் பார்க்கலாம், ஒதுங்கலாம், திட்டக்கூடச் செய்யலாம். பின்னால் வருவது அப்படி இல்லை. அங்கே அவர் மனைவி உட்கார்ந்திருக்கிறாள்.

போன வருஷம் ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்தது. லிஃப்ட்காரர் பிரேக் போட்டார். பின்னால் வந்த வேன் போடவில்லை. லிஃப்ட்காரருக்கு முழங்காலில் சிராய்ப்பு. மனைவிக்கு இடுப்பெலும்பில் விரிசல் விட்டது. அவள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிறவள். தான் மடித்து அடுக்கிய விரிப்புகளின் மேலேயே மூன்று மாதம் படுத்துக் கிடந்தாள். இன்னொரு தடவை அதே இடத்தில் அடிபட்டால் எழுந்து நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வேன்காரன் பொய் சொல்லவில்லை என்பதுதான் லிஃப்ட்காரருக்குப் பெரிய வேதனை. "பிரேக் லைட் எரிஞ்சுதுங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த செவப்பு எப்பவும்தானே எரியுது? திடீர்னு கொஞ்சம் கூட எரிஞ்சா நான் என்னத்தக் கண்டேன்?" என்றான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். லிஃப்ட்காரருக்குப் பின்னால் வருவதெல்லாம் வேனாகத் தெரிந்தது. சைக்கிளில் பேப்பர் போடுகிறவன் வந்தாலும் கண்ணாடியில் பார்த்துப் பதறினார். "என்னங்க, முன்னாடி பாத்து ஓட்டுங்க. பின்னாடி வந்து இடிச்சா அவன் தப்பு, நாம போய் இடிச்சா நம்ம தப்பு," என்று மனைவி தோளைத் தட்டுவாள். தட்டுகிற கை லேசாக நடுங்குவது அவருக்குத் தெரியும். அவளுக்கும் பயம்தான். சொல்லிக்கொள்ள மாட்டாள்.

கடைசியில் அவர் வண்டி எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனார். எப்போதும் காதில் பென்சிலுக்குப் பதில் ஒயர் பற்றவைக்கிற ஈயக் கம்பியைச் சொருகியிருப்பதால் அவருக்கு சால்டர் என்று பெயர். தீப்பெட்டியில் பாதி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து, பிரேக்கிலிருந்து பின் விளக்குக்குப் போகிற ஒயரை நடுவில் வெட்டி அதில் சேர்த்துப் பற்றவைத்தார். "பிரேக்க அழுத்தினா படபடன்னு நாலு தடவ விட்டு விட்டு எரியும். அப்புறம் நின்னு எரியும். பின்னாடி வர்றவன் தூங்கிட்டே வந்தாலும் முழிச்சுக்குவான்," என்றார்.

சொன்னது பலித்தது. லிஃப்ட்காரர் பிரேக்கைத் தொட்டால் போதும், பின்னால் கார்கள் தயங்கின, லாரிகள் பெருமூச்சு விட்டு நின்றன. ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, "எங்க மாட்டினீங்க?" என்று விசாரித்தார். ஒன்பது நாள் லிஃப்ட்காரர் கழுத்தைத் திருப்பாமல் வண்டி ஓட்டினார். மனைவி பின்னால் உட்கார்ந்து ஏதோ பாட்டை முணுமுணுத்ததைக்கூட ஒரு நாள் கேட்டார்.

பத்தாம் நாள், மனைவியோடு போகும்போது, ரவுண்டானாவில் அவரை நிறுத்தினார்கள்.

குடை நட்டு, மேஜை போட்டு, ஒளி ஒழுங்கு அலுவலகத்தின் செக்கிங்காரர் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட்காரர் ஒழுங்காகத்தான் வந்தார், ஒழுங்காகத்தான் நின்றார். நின்றதுதான் வினை. பிரேக் போட்டதில் விளக்கு படபடத்துவிட்டது.

"இருநூறு மீட்டர் தள்ளி வரும்போதே என் கண்ணுல பட்டுது," என்றார் செக்கிங்காரர்.

"அதுக்குத்தான் சார் மாட்டினேன்."

"கண்ணுல படணும்னே மாட்டியிருக்கீங்க."

"ஆமா சார்."

செக்கிங்காரர் பக்கத்தில் இருந்த எழுத்தரைப் பார்த்தார். "ஒத்துக்கிட்டாருன்னு எழுதிக்கோ."

அங்கிருந்து நேராக அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்கள். நான்கு மாடிக் கட்டடம். லிஃப்ட் இருந்தது, ஓடவில்லை. வாசலில் பித்தளை எழுத்தில் 'நிலையாக எரிவதே நேர்மை' என்று பொறித்திருந்தது. உள்ளே நடையில் இருந்த ஒரே டியூப்லைட் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. வரிசையில் காத்திருந்தவர்களின் முகம் தெரிவதும் மறைவதுமாக இருந்ததால், யார் யார் வந்திருக்கிறார்கள் என்று லிஃப்ட்காரரால் எண்ண முடியவில்லை. யாரும் பேசவில்லை. ஒருவர் கையில் டார்ச் லைட் வைத்திருந்தார். அதைத் தான் எரித்துப் பார்த்ததே இல்லை என்று மட்டும் கேட்காமலே இவர்களிடம் சொன்னார்.

தலைமை அதிகாரியின் அறை விசாலமானது. அவர் மேஜையில் ஒரு விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. அவர் பதவியேற்ற நாளிலிருந்து அணைத்ததில்லையாம். மேஜைக்கு இடப்பக்கம் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்க ஒருவர் நின்றார். அலுவலகத்தில் அவருக்கு வினாடியார் என்று பெயர். எதைக் கண்டாலும் அது நொடிக்கு எத்தனை தடவை என்று அளந்து சொல்வது அவர் வேலை. வலப்பக்கம் அரக்குக் குச்சியும் மெழுகுவத்தியுமாக ஒரு வயதானவர், அரக்குக்காரர். சர்ச்சைக்குரிய பொருள்களைத் துணி சுற்றி முத்திரை வைப்பது அவர் வேலை.

தலைமை அதிகாரி நல்ல பேச்சாளர். லிஃப்ட்காரரையும் மனைவியையும் உட்காரச் சொல்லாமலே தொடங்கினார்.

"வெளக்குன்னா என்ன? எரியணும். எரிஞ்சா அணையக் கூடாது. அணைஞ்சா எரியக் கூடாது. நின்னு எரியறதுக்கு நாங்க நின்றெரி விளக்குன்னு பேர் வச்சிருக்கோம். நீங்க மாட்டியிருக்கறது விட்டெரி விளக்கு. ஒரே நொடிக்குள்ள எரியறேன்னும் சொல்லுது, எரியலேன்னும் சொல்லுது. இப்படிப்பட்ட ஒண்ண ரோட்டுல விட்டா ஜனங்க எதைத்தான் நம்புவாங்க?"

"சார், இவளுக்கு அடிபட்டுது. மறுபடியும் எவனும் வந்து இடிச்சிடக் கூடாதேன்னு, ஒரு பாதுகாப்புக்கு…"

"அங்கதான் நிக்கறீங்க. பாதுகாப்பு வேணும்னு ஒருத்தர் கேட்டா என்ன அர்த்தம்? இப்ப இருக்கறது பத்தாதுன்னு அர்த்தம். இப்ப இருக்கறத முடிவு பண்ணது யாரு? நாங்க. அப்ப உங்க வண்டிக்குப் பின்னாடி நாலு தடவ எரியறது வெளக்கு இல்லீங்க, எங்க மேல குத்தச்சாட்டு. சிக்னலுக்கு சிக்னல் எங்களைக் குத்தம் சொல்லிக்கிட்டுப் போறீங்க."

லிஃப்ட்காரர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பதினைந்தாவது மாடியில் ஒருநாளும் அவர் அப்படிப் பிடித்துக்கொண்டதில்லை.

வினாடியார் கீழே போய் விளக்கை அளந்துவிட்டு வந்து, "நொடிக்கு நாலு," என்றார். உடனே அரக்குக்காரர் இறங்கிப் போய் வண்டியின் பின் விளக்கைப் பழுப்புத் துணியால் சுற்றி, நூல் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். லிஃப்ட்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இப்படி மூடிட்டா நான் பிரேக் போடறது பின்னாடி யாருக்குமே தெரியாதே?"

"தெரியாது," என்றார் அரக்குக்காரர். அவர் குரலில் இரக்கம் இருந்தது. "விசாரணை முடியற வரைக்கும் பிரேக் போடாம ஓட்டிக்கோங்க."

பாதுகாப்புக்கு விளக்கு மாட்டப் போய், இருந்த விளக்கும் போயிற்று. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். வண்டியை வீட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து போய்விடலாம் என்று அவர் நினைத்தார். அதற்கும் வழியில்லை. விசாரணை முடியும்வரை செவ்வாய்க்கிழமைதோறும் பத்து மணிக்கு வண்டி ஆஜராக வேண்டும். வேனில் ஏற்றி வரக் கூடாது. தூக்கி வந்த வண்டி தன் சுபாவத்தை இழந்துவிடுகிறதாம். தானே ஓடி வர வேண்டும். குற்றம் நடந்தபோது பின்னால் யார் இருந்தாரோ அவரும் அதே இடத்தில் உட்கார்ந்து வர வேண்டும். விதியில் அவளுக்குப் 'பின்னிருக்கை' என்று பெயர். வராவிட்டால் பொதுமக்களைத் திடுக்கிடச் செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும். அதற்கு ஆறு மாதம் உள்ளே இருக்க வேண்டும்.

மற்ற ஆறு நாளும் இருவரும் பஸ்ஸில் போனார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்காது. வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஏழு சிக்னல். முதல் செவ்வாயிலேயே ஒரு பள்ளிக்கூட பஸ் அவர்களுக்குப் பின்னால் கிறீச்சிட்டு நின்றது. மனைவி அவர் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. இறங்கிப் பார்த்தால் சட்டை கிழிந்திருந்தது.

இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவள் பாதி திரும்பி உட்கார்ந்து பின்னால் பார்த்துக்கொண்டே வருவாள். அவர் பிரேக் போடும்போது "பிரேக்!" என்று கத்துவார். உடனே அவள் வலது கையை உயரத் தூக்குவாள். ரோட்டில் போகிறவர்கள் சிரித்தார்கள். சிரிக்கிறவன் பார்த்துவிட்டான் என்று அர்த்தம். அதனால் அவர்களுக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

விசாரணை வளர்ந்தது. முதலில் விளக்குக்கு அனுமதி கேட்கிற விண்ணப்பப் படிவம் ஒன்றை அலுவலகத்தில் கொடுத்தார்கள். அதில் பதினோராவது கேள்வி: 'விளக்கு யாரை நோக்கி விட்டெரியும்? அவருடைய சம்மதக் கடிதத்தை இணைக்கவும்.'

"பின்னாடி யார் வேணா வருவாங்களே சார்?" என்று லிஃப்ட்காரர் ஜன்னலில் கேட்டார்.

"யார் வேணா வருவாங்கன்னா எல்லார்கிட்டயும் வாங்கிட்டு வாங்க."

வேலைக்குப் போகாமல் இரண்டு நாள் சிக்னலில் நின்று, சிவப்பு விழும்போதெல்லாம் காகிதத்தை நீட்டினார். "என் முன்னாடி வராம இருந்தா உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது," என்று ஒருவர் கண்ணாடியை ஏற்றினார். ரோட்டுக் குழிக்கு மனு என்று நினைத்து ஒருவர் கையெழுத்துப் போட்டார். இன்னொருவர் படிக்காமல் போட்டார். மூன்றாவது ஆள் படித்துவிட்டு அழுதுகொண்டே போட்டார். அவர் தங்கையை இப்படித்தான் ஒரு வண்டி இடித்ததாம். மூன்று கையெழுத்தையும் அலுவலகம் ஏற்றுக்கொண்டது. இனி அந்த மூன்று பேர் மட்டுமே அவருக்குப் பின்னால் வர வேண்டும் என்று நிபந்தனை போட்டது.

அடுத்தது டியூப்லைட் விவகாரம். நடையில் மணிக்கணக்கில் காத்திருந்து கண் வலித்துப்போன ஒரு செவ்வாயன்று, லிஃப்ட்காரர் கை சும்மா இராமல் பெஞ்சின் மேல் ஏறி, அதன் ஸ்டார்ட்டரை அரைத் திருகு திருகினார். விளக்கு நின்று எரிய ஆரம்பித்தது. வரிசையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் முதல்முறையாக முழுசாகப் பார்த்தார்கள். எல்லா முகத்திலும் ஒரே கிலி. அதைப் பார்த்ததும் அவரவர் கிலி இன்னும் கூடிவிட்டது. அறைக் கதவுகள் திறந்தன. தலைமை அதிகாரியே ஓடி வந்தார்.

"யாரு இதைத் தொட்டது?"

"நான்தான் சார். ஸ்டார்ட்டர் லூசா இருந்துது."

"லூசா இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதா? அஞ்சு வருஷமா அந்த லைட்டுக்கு ஒரு ஃபைல் போய்க்கிட்டிருக்கு. ரெண்டு பேருக்கு அந்த ஃபைல்லதான் பிரமோஷன். நீங்க பாட்டுக்குத் திருகிட்டா அந்த ஃபைல நான் எங்க கொண்டு போய் வைக்கறது?"

"வாசல்லயே நிலையா எரியணும்னு போட்டிருக்கீங்களே சார்…"

"அது வெளியில இருந்து வர்றவங்களுக்கு."

லிஃப்ட்காரர் மறுபடி பெஞ்சில் ஏறி, அரைத் திருகு பின்னுக்குத் திருகினார். வினாடியார் அளந்து பார்த்து, முன்பிருந்தது போலவே நொடிக்கு மூன்று இருக்கிறது என்று உறுதி செய்த பிறகே அவரை இறங்கவிட்டார்கள்.

இப்படியே பதினோரு செவ்வாய் போயிற்று. யானை வாயில் போன கரும்பு திரும்பி வருமா என்ன? விளக்கை மறந்துவிட்டு, வண்டியைப் பழைய மாதிரி கொடுத்தால் போதும் என்கிற நிலைக்கு லிஃப்ட்காரர் வந்திருந்தார். கறுப்புப் பெட்டியை நானே கழற்றிவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். சாட்சியத்தை அழிக்க முயன்றதாக அதையும் ஃபைலில் சேர்த்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டாவது செவ்வாய்க்குக் களச்சோதனை வைத்தார்கள்.

அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட மைதானம். பிடித்து வைத்த வண்டிகள் ஓரமாகத் துருப்பிடித்துக் கிடந்தன. விளக்கு இருந்த இடமெல்லாம் பழுப்புத் துணி. நடுவில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு வெள்ளைக்கோடு. லிஃப்ட்காரர் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கோட்டில் பிரேக் போட வேண்டும். பத்தடி பின்னால் அலுவலக ஜீப் அதே வேகத்தில் வரும். விட்டெரி விளக்கு இல்லாவிட்டால் உண்மையிலேயே ஆபத்து உண்டா என்று அதில் தெரிந்துவிடும்.

லிஃப்ட்காரருக்கு முன்னால் ஜீப் டிரைவருக்குத்தான் விஷயம் உறைத்தது. "சார், வெளக்கு முத்திரை போட்டிருக்கு. கோட்ட நான் இங்கேருந்து பாக்க முடியாது, அவர் முதுகு மறைக்கும். எப்ப பிரேக் போடுவாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம இருந்தாத்தான்யா அது சோதனை. தெரிஞ்சா வெறும் பயணம்," என்றார் தலைமை அதிகாரி, முன் இருக்கையில் ஏறிக்கொண்டே.

லிஃப்ட்காரர் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டார். அவமானமெல்லாம் அவருக்குப் போயே போய்விட்டது. "சார், உங்க கால்ல விழறேன். இவ இடுப்பு ஏற்கனவே விரிசல் விட்டுச் சேந்தது. இன்னொரு அடி பட்டா எழுந்திருக்க மாட்டா. இவ எறங்கிக்கட்டும். நான் மட்டும் ஓட்டறேன். வேணும்னா பின்னாடி ஒரு மூட்டைய வச்சுக் கட்டுங்க."

"மூட்டையா?" தலைமை அதிகாரி நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "இடிச்சா வலிக்குதா இல்லையான்னு மூட்டை வாக்குமூலம் குடுக்குமா?"

மனைவி அதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். "வாங்க. நீங்க கத்துங்க, நான் கையத் தூக்கறேன். அவ்வளவுதானே?" என்றாள். உதடு வெளுத்திருந்தது.

வண்டி கிளம்பியது. இருபது. முப்பது. பின்னால் ஜீப்பின் உறுமல் முதுகெலும்பு வரை கேட்டது. வெள்ளைக்கோடு ஓடி வந்தது. லிஃப்ட்காரர் பிரேக்கை அழுத்தினார், கத்துவதற்கு வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. தன் பெண்டாட்டியைத் தானே கொண்டுவந்து இரும்புக்கு நடுவில் கொடுத்துவிட்டோம் என்று அந்த ஒரு நொடியில் அவர் நினைத்தார்.

ஆனால் அவர் முதுகு இறுகியது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பதினோரு செவ்வாய்ப் பழக்கம். கை மேலே போயிற்று.

புழுதி அடங்கியபோது ஜீப்பின் மூக்குக்கும் அவள் முதுகுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. ஜீப் டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். தலைமை அதிகாரியின் மூக்குக்கண்ணாடி காலடியில் விழுந்திருந்தது. அவள் மட்டும் தூக்கிய கையை இறக்கவில்லை. இறக்க வரவில்லை. அது மேலேயே நின்று நடுங்கிக்கொண்டிருந்தது.

வினாடியார் ஜீப்பின் பின் இருக்கையிலிருந்து இறங்கி வந்தார். அந்தக் கையை அண்ணாந்து பார்த்தார். ஸ்டாப்வாட்சை அழுத்தினார்.

"நொடிக்கு ஒன்பது," என்றார்.

தலைமை அதிகாரி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். பேச்சு அதிகாரியாகவே வந்தது. "ஒன்பதா? வெளக்கே நாலுதானே?"

"ஆமா சார். இது ரெண்டு மடங்குக்கும் மேல."

"நிலையா தூக்கியிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்," என்றார் தலைமை அதிகாரி லிஃப்ட்காரரைப் பார்த்து. "கையத் தூக்கறது அவங்க உரிமை. ஆனா பிரேக் போடற நேரத்துல, பின்னால வர்ற வண்டிய நோக்கி, அனுமதி இல்லாம, விட்டு விட்டு அசையற ஒரு பொருளக் காட்டியிருக்காங்க. ஒரு விட்டெரிதலே விசாரணைல இருக்கும்போது ரெண்டாவது. ரொம்பத் துணிச்சல்."

"சார், அது பயத்துல நடுங்குது."

"பயம் எங்க விதியில இல்ல. நொடிக்கு எத்தனைங்கறதுதான் இருக்கு."

இதைச் சொல்லும்போது காகிதத்தைப் பிடித்திருந்த அவருடைய கையும் படபடவென்று ஆடியது. காகிதம் சத்தம் போட்டது. வினாடியார் நேர்மையான மனிதர். பழக்க தோஷத்தில் ஸ்டாப்வாட்சை அந்தப் பக்கம் திருப்பி, "பதினொண்ணு," என்று தொடங்கினார். தலைமை அதிகாரி காகிதத்தை எழுத்தரிடம் கொடுத்துவிட்டு, கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பைக்குள் இருப்பது அலுவலகத்தின் எல்லைக்குள் வராது என்று அறிவித்தார். அதையும் எழுத்தர் எழுதிக்கொண்டார்.

அரக்குக்காரர் வந்தார். அவள் கையை மெல்ல இறக்கித் தன் முழங்கால்மேல் வைத்து, விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை பழுப்புத் துணியால் சுற்றினார். நூல் கட்டினார். அரக்கு உருகிச் சொட்டும் முன் சுடாமல் இருக்க வாயால் ஊதினார். "ஆட்டாதம்மா, முத்திரை கோணிடும்," என்றார் மெதுவாக. அவளும் ஆட்டாமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. முத்திரை கோணலாகத்தான் விழுந்தது.

எழுத்தர் உத்தரவை வாசித்தார். விளக்கு குறித்த தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது. பின்னிருக்கையின் வலது கை சர்ச்சைக்குரிய பொருளாகச் சேர்க்கப்படுகிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை வரும்போது இதே கையைக் கொண்டுவரவும். இடைக்காலத்தில் அது நடுங்காமல் பார்த்துக்கொள்வது மனுதாரரின் பொறுப்பு.

வெளியே வந்தபோது சாயங்கால நெரிசல். முதல் சிக்னலைத் தாண்டியதும் லிஃப்ட்காரர் கேட்டார்.

"வலிக்குதா?"

"இல்ல. அரிக்குது."

"நான் ஒரு கோழை. கத்தக்கூட முடியல என்னால."

"உங்க முதுகு கத்துச்சுங்க," என்றாள் அவள்.

இரண்டாவது சிக்னலில் மஞ்சள் விழுந்து சிவப்பானது. லிஃப்ட்காரர் பிரேக் போட்டார். இந்தத் தடவை குரல் வந்தது. கத்தினார். அவள் திரும்பிப் பார்த்தாள். மணல் லாரி ஒன்று, பாரத்தோடு, வேகம் குறையாமல் வந்துகொண்டிருந்தது. அவள் மூட்டை கட்டிய கையைத் தூக்கினாள். நடுங்கக் கூடாது, நடுங்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே தூக்கினாள். கை வெடவெடவென்று நடுங்கியது.

லாரி வீறிட்டது. டயர் தீய்ந்த நாற்றம் வந்தது. பம்பர் நம்பர் பிளேட்டைத் தொட்டுவிட்டு நின்றது.

லாரி டிரைவர் குதித்து இறங்கினார். பெரிய மீசை, முகமெல்லாம் வேர்வை. இரண்டு பேரையும் மேலும் கீழும் தொட்டுப் பார்த்தார். "அடி ஒண்ணும் இல்லையே? ஒண்ணும் இல்லையே? யம்மா, நல்லவேளை உன் கை நடுங்குச்சு. அசையாம இருந்திருந்தா, ஏதோ மூட்டைய வச்சுக் கட்டியிருக்காங்கன்னு நெனச்சு ஏத்தியே இருப்பேன். படபடன்னு ஆடுச்சா, கண்ணுல பட்டுது. கால் தானா பிரேக்குக்குப் போயிடுச்சு."

லிஃப்ட்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. பன்னிரண்டு செவ்வாய்க்கிழமை, பதினோராவது கேள்வி, மூன்று கையெழுத்து, எல்லாவற்றிலும் அவர் சொல்லப் பார்த்து முடியாமல்போனதை இந்த மனிதர் நடுரோட்டில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். டிரைவரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, இத ஒரே ஒரு தடவ வந்து சொல்லணும். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு. வேற ஒண்ணும் வேண்டாம். ஆடுனதாலதான் பாத்தேன், அதனாலதான் நின்னேன்னு சொன்னாப் போதும். எங்களுக்கு உயிரே வந்துடும்."

"இதுல என்ன இருக்கு, சொல்லிட்டாப் போச்சு. கண்ணால பாத்தத சொல்றதுக்கு என்ன பயம்? எங்க வரணும்?"

"ஒளி ஒழுங்கு அலுவலகத்துக்கு."

லாரி டிரைவர் கையை விடுவித்துக்கொண்டார். அப்போதுதான் அவர் பார்வை அந்தப் பழுப்புத் துணியின் நூலில், கோணல் முத்திரையில் விழுந்தது. அக்கம்பக்கம் பார்த்தார். இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல் ஓரடி ஓரடியாகப் பின்னுக்கு நடந்தார்.

"அண்ணே!" என்று கூப்பிட்டாள் அவள்.

அவர் ஏறிக் கதவைச் சாத்தினார். கண்ணாடியை ஏற்றினார். சிக்னல் பச்சையாகி, பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். கண்ணாடி இரண்டு விரற்கடை இறங்கியது.

"நான் எதையும் பாக்கலம்மா," என்றார்.